மாரிக்கு முன் சாடிகளை எங்கே வைப்பது: அறையா, தாழ்வாரமா, கொட்டிலா, முற்றமா?

பாலைவன றோசா என்று சொல்லும் அடீனியத்தின் அடித்தண்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். போன மாதம் வரை பச்சை மாங்காய் போல இறுகி இருந்த தண்டு, அவித்த கிழங்கு மாதிரி விரலுக்குக் கீழே உள்ளே போனது. தோலில் ஒரு கீறல் இல்லை. உச்சியில் மூன்று பூ விரிந்தபடியே நின்றன. கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே கபில நிறத்தில் நீர் வடிந்தது, புளித்த மணம். அது 2022 டிசம்பர், மண்டூஸ் புயல் வங்கக் கடலில் போய்க்கொண்டிருந்த கிழமை. காற்றும் மழையும் கூதலும் சேர்ந்து இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகள் செத்த கிழமை. பட்டி முழுவதையும் இழந்து நின்றவர்களுக்கு முன்னால் சாடியில் நின்ற செடியைப் பற்றிப் பேச அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் விதை போட்டு ஐந்து வருடம் வளர்த்த கன்று அழுகினால் மனம் கேட்பதில்லை.

அந்த மாரியில் என்னிடம் நின்ற 14 அடீனியத்தில் 9 போயின. மிஞ்சிய ஐந்தும் நான் தெரிந்து காப்பாற்றியவை அல்ல. முற்றத்தில் இடமில்லாமல், வீட்டின் தெற்குப் பக்கத் தாழ்வாரத்தில் விறகு அடுக்குக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தவை. பெறுமதியானவை என்று அறைக்குள் கொண்டுபோய் வைத்தவையும் தப்பவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரே கேள்விதான்: எந்தச் சாடியை எங்கே வைப்பது? விசுவமடுவில் எங்கள் வளவில் இப்போது 40 சாடிக்கு மேல் நிற்கின்றன. வந்த மாரிகளில் எல்லா வழியையும் செய்து பார்த்துவிட்டேன்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சியும் இதையேதான் செய்கிறாள், வேறு காரணத்துக்காக. அவளிடம் சாடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் இரவு குளிரத் தொடங்கியதும் அதைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துவிடுவாள். மே மாதம் உறைபனிப் பயம் தீர்ந்த பிறகுதான் திரும்ப வெளியே. அவளுடைய வழியைத்தான் முதலில் நானும் பின்பற்றினேன். பிழை விட்டது அங்கேதான். ரொறன்ரோவில் மார்கழியில் பகல் ஏறக்குறைய 9 மணித்தியாலம். வெளியே வைத்தால் உறைந்து போகும். அந்த ஊரில் அறையில் வெளிச்சம் போதாவிட்டாலும் வேறு வழி இல்லை. நமக்கு மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. மார்கழி இரவிலும் வன்னியில் 20 பாகை செல்சியசுக்குக் கிட்டத்தான் நிற்கும். வெப்ப நாட்டுச் செடிகளுக்குக் குளிர் காயம் வருவது பெரும்பாலும் 10, 12 பாகைக்குக் கீழே. அந்தக் குளிர் நமக்கு வருவதே இல்லை.

சரி, அப்படியென்றால் நம் செடிகளைக் கொல்வது எது? நனைந்த வேர். வானம் மூடி, காற்றில் ஈரம் நிறைந்து, 20 பாகைக்குக் கிட்ட நிற்கும் நாட்களில் அடீனியமும் கள்ளியும் தண்ணீர் குடிப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். சாடி மண் காயாது. மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் நீர் நிற்கும். வேருக்கு மூச்சு முட்டும். செத்த வேரில் பூஞ்சணம் ஏறி, அங்கிருந்து தண்டுக்கு வரும். நம் செங்கபில மண்ணைச் சாடியில் நிரப்பி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஈரத்தில் களி போல ஒட்டும், காய்ந்தால் சீமெந்து. அதனால் எந்த இடத்தைத் தெரிவு செய்தாலும் மூன்றைப் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்: மழை விழாமல் இருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா, காற்று ஓடுகிறதா. தங்கச்சிக்கு வேண்டிய நாலாவது, வெதுவெதுப்பு, நமக்குச் சும்மாவே கிடைக்கிறது.

வீட்டுக்குள், யன்னல் ஓரம்

மழை விழாது என்பதில் இதை அடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் வெளிச்சம்? நம் கண் இருட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடும். அதனால் அறை வெளிச்சமாக இருப்பது போலத்தான் நமக்குத் தோன்றும். கணக்குப் பார்த்தால் தெரியும். நல்ல வெயிலில் முற்றத்தில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். முகில் மூடிய மாரி நாளிலும் 10,000 லக்ஸ் வரை இருக்கும். அதே நாளில் யன்னலோரத்தில் 1,000 இருந்தால் பெரிய காரியம். அறை நடுவில் 200, 300தான். கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி இருக்கிறது, அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைக் கடதாசியை வைத்து ஒரு அடி மேலே கையைப் பிடியுங்கள். நிழலின் ஓரம் தெளிவாக விழுந்தால் பூமரம் தாங்கும். மங்கலாக விழுந்தால் மணிபிளான்ட் மாதிரி நிழல் செடி மட்டும் தாங்கும். நிழலே தெரியாவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

எங்களுடையது 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடு. வன்னியில் பலருக்கும் அதுதான். இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி. யன்னல் சிறியது, மழைக்கும் நுளம்புக்கும் பயந்து மாரியில் பாதி நேரம் சாத்தியே இருக்கும். அதற்குள் எத்தனை சாடி வைப்பது? வைத்தாலும் காற்று ஓடாது. நான் அறைக்குள் வைத்தவை அழுகியதற்குக் காரணம் மழை இல்லை, என் கைதான். இலை வாடியது போலத் தெரிந்ததும் பாவம் என்று தண்ணீர் ஊற்றினேன். வெளிச்சம் இல்லாத இடத்தில் ஊற்றிய ஒரு குவளை நீர் இரண்டு கிழமைக்கும் காயாமல் நின்றது.

இன்னும் இரண்டு விஷயம். சாடிக்குக் கீழே தட்டு வைத்தால் நுளம்பு. டெங்கு நுளம்பு தெளிந்த நீரில் முட்டையிட்டு ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும், டெங்கு கூடுவதும் வடகீழ் மழையை ஒட்டித்தான். தட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் அதில் மணலை நிரப்புங்கள், இல்லையேல் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேயுங்கள். அடுத்தது பாரம். 12 அங்குலச் சாடி நனைந்த மண்ணோடு 25 கிலோவுக்குக் குறையாது, சீமெந்துச் சாடி அதற்கும் மேலே. வீட்டில் வயதானவர் மட்டும் என்றால் தூக்கித் தூக்கி வைக்கும் யோசனையே வேண்டாம்.

அறையைத்தான் பாவிக்க வேண்டும் என்று நிலைமை இருந்தால் ஒரு மின்குமிழ் உதவும். 20 வோட்ஸ் வெள்ளை எல்ஈடி, செடிக்கு ஒரு அடி மேலே, நாளுக்கு 12 மணித்தியாலம். மாதம் 7 யூனிட் அளவில் போகும். நாலைந்து சின்னச் சாடிக்குப் போதும். ஆனால் புயல் அடித்து மின்சாரம் இரண்டு மூன்று நாள் போவது நமக்குப் புதிதல்ல, அதையும் கணக்கில் எடுங்கள்.

தெற்குத் தாழ்வாரம்

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். இந்த இடத்தின் அருமை எனக்குத் தெரிய ஒன்பது கன்று போக வேண்டி இருந்தது.

மாரியில் மழையும் காற்றும் வருவது வடகிழக்கில் இருந்து. வாடை வீசத் தொடங்கினால் வீட்டின் வடக்கு, கிழக்குச் சுவர்கள் நனைந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்க விறாந்தையில் தூவானம் நடு வரைக்கும் வரும். தெற்கும் மேற்கும் வீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். அதே மாதங்களில் சூரியனும் தெற்கே சாய்ந்துவிடும். வன்னி இருப்பது 9 பாகை வட அகலக்கோட்டில். மார்கழி மத்தியானத்தில் சூரியன் நம் உச்சியில் இருந்து 32, 33 பாகை தெற்கே இறங்கி நிற்கும். கூரை விளிம்பு 8 அடி உயரத்தில் இருந்தால் மத்தியான வெயில் விளிம்பில் இருந்து 5 அடி உள்ளே தரையில் விழும். மூன்று அடித் தாழ்வாரம் என்றால் சுவர் வரைக்கும் வெயில். அதாவது முகில் விலகும் நேரமெல்லாம் மழை படாத இடத்தில் வெயில் படும். ஆனி மாதத்தில் சூரியன் கொஞ்சம் வடக்கே போய்விடுவதால் அதே தாழ்வாரம் நிழலாகிவிடும். கோடையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு இது இருட்டு மூலை என்று நினைத்துத்தான் நான் விறகு அடுக்கினேன். உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை மார்கழி மத்தியானத்தில் நடந்து பாருங்கள். மற்ற மாதத்தில் பார்த்தது உதவாது.

வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் தெற்குச் சுவர் என்று ஒன்று இருக்கும். அங்கே தாழ்வாரம் ஒரு அடிதான் என்றால் இரண்டு தகரத்தால் பத்தி இறக்கிவிடலாம். காட்டுத் தடி நாலு, கட்டுக்கம்பி, ஒரு நாள் வேலை. தகரம் வெளிச்சத்தை மறைக்குமே என்று யோசிக்க வேண்டாம். தெற்கு வெயில் சாய்ந்து உள்ளே வரும், நாலு அடிக்கு மேல் நீட்டாமல் இருந்தால் சரி.

வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கூரை நீர் விழும் கோட்டில் இருந்து ஒன்றரை அடியாவது உள்ளே இருக்க வேண்டும். பீலி இல்லாத வீடென்றால் அந்தக் கோட்டில் விழும் நீர் மண்ணைத் தெறித்து அடியிலைகளில் அப்பும்; மண்ணோடு பூஞ்சணமும் ஏறும். எனவே தரையில் வைக்காமல், நாலு கல்லின் மேல் பலகை போட்டு முழங்கால் உயரத்தில் வையுங்கள். சாடிக்கும் சாடிக்கும் நடுவே ஒரு கை போகும் அளவு இடைவெளி விடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாரியில் பாம்பும் தேளும் காய்ந்த இடம் தேடி வரும். சுவரோடு ஒட்டித் தரையில் நெருக்கி அடுக்கிய சாடி அவற்றுக்கு நல்ல வீடு. உயர்த்தி இடைவெளி விட்டால் டோர்ச் அடித்து ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். டோர்ச் அடிக்காமல் சாடியைத் தூக்க வேண்டாம், பகலிலும்தான்.

இந்த இடத்தின் ஒரே பலவீனம் புயல். தாழமுக்கம் நம்மைக் கடந்து போகும்போது காற்று திசை மாறும். இரண்டு நாள் வடகிழக்கில் அடித்த காற்று திடீரென்று மேற்கில் இருந்தோ தெற்கில் இருந்தோ அடிக்கும். அந்த இரண்டு மூன்று நாளைக்கு மட்டும்தான் நான் இப்போது அறையைப் பாவிக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்ததும் பெறுமதியான எட்டுப் பத்துச் சாடியைத் தூக்கி மண்டபத்தில் வைப்பேன், தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றாமல். காற்று அடங்கியதும் திரும்பத் தாழ்வாரம். மூன்று நாள் இருட்டு எந்தச் செடியையும் கொல்லாது. மூன்று மாத இருட்டுத்தான் கொல்லும்.

பொலித்தீன் கொட்டில்

சாடி 50, 100 என்று வைத்திருப்பவர்களுக்கும், றோசா விரும்பிகளுக்கும் தாழ்வாரம் காணாது. அவர்களுக்குக் கொட்டில்தான் வழி. றோசாவை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், இலையில் கரும்புள்ளி நோய் வர இலை ஏறக்குறைய 7 மணித்தியாலம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். மாரியில் அது ஒவ்வொரு இரவும் நடக்கும். அதே றோசாவுக்கு ஐந்தாறு மணித்தியால வெயிலும் வேண்டும். மேலே ஒளி விடும் கூரை, நாலு பக்கமும் திறப்பு: இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடையாது.

தறப்பாளைப் பற்றி வன்னியில் யாருக்கும் நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எத்தனை மாரியை அதற்குக் கீழே இருந்து கழித்தோம். மழைநீர் நடுவில் தொந்தி போட்டுத் தொங்கும்போது தடியால் தள்ளிவிடுவது நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் செடிக்கு அந்தத் தறப்பாள் வேண்டாம். நீலமும் சரி, வெள்ளையும் சரி, ஒளியை மறைத்துவிடும். அறைக்குள் வைத்தது போலத்தான். ஒளி ஊடுருவும் பொலித்தீனாக இருக்க வேண்டும். கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் சாதாரணப் பொலித்தீன் ஒரு கோடை வெயிலில் நொறுங்கத் தொடங்கும். புற ஊதாக் கதிர் தாங்கும் பதப்படுத்திய பொலித்தீன் மூன்று வருடமளவில் நிற்கும். விலை கூடத்தான், ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் அதுதான் மலிவு.

நாலு பக்கமும் மூடாதீர்கள். மூடிய கொட்டிலில் வெயில் வந்த ஒரு மணித்தியாலத்தில் உள்ளே அவிந்துவிடும்; இரவில் உள்பக்கம் வியர்த்து இலையெல்லாம் நனையும். அப்புறம் மழையை மறித்து என்ன பயன்? வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் இடுப்பளவுக்குச் சாக்கோ கிடுகோ கட்டினால் தூவானம் நிற்கும். கூரை நன்றாகச் சாய்ந்திருக்கட்டும்.

நான் போட்ட முதல் கொட்டில் 2020 டிசம்பர் 2 இரவோடு போயிற்று. புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறிய இரவு. விடியப் போய்ப் பார்த்தால் தடிகள் நாலும் நிற்கின்றன, பொலித்தீன் வேலியில் நாராகத் தொங்குகிறது. செடிகளுக்கு அவ்வளவு சேதம் இல்லை. கிழிந்து போனதால்தான் கூரை அவற்றின் மேல் விழவில்லை. அன்றிலிருந்து நான் பொலித்தீனைத் தடியோடு ஆணி அடித்து இறுக்குவதில்லை. இரண்டு பக்கமும் ஒரு மூங்கிலில் சுருட்டி, அந்த மூங்கிலைக் கயிற்றால் கட்டுவேன். எச்சரிக்கை வந்தால் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. ஒரு இரவு நனைந்தால் செடி சாகாது. முறிந்த தடி மேலே விழுந்தால் சாகும்.

முற்றத்திலேயே விடுவது

சில செடிகளைத் தொடவே தேவையில்லை. அந்தூரியம், குரோட்டன், செவ்வரத்தை, தொங்கும் வேருள்ள வண்டா ஓர்க்கிட், பன்ன வகை: இவற்றுக்கு மாரிதான் வாழ்வு. எட்டு மாதம் வன்னி வெயிலில் காய்ந்து கிடந்தவை அப்போதுதான் துளிர்க்கும். பாசத்தில் அவற்றையும் அள்ளி உள்ளே வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். இடமும் போய், செடியின் நல்ல காலமும் போகும். சாடியை இரண்டு கல்லின் மேல் வைத்து, அடியில் துளை அடைபட்டிருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்துவிட்டால் போதும்.

தூக்க முடியாத பெரிய சாடிக்கும் ஒரு வழி இருக்கிறது. விடாமல் பெய்யும் நாட்களில் சாடியை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்துவிடுங்கள். மழை மண்ணில் இறங்காது. கடதாசிப்பூவுக்கு நான் இப்படித்தான் செய்கிறேன். நாலைந்து நாளுக்கு மேல் படுத்துக் கிடந்தால் நுனி மேல்நோக்கி வளையத் தொடங்கும், வெளித்ததும் நிமிர்த்திவிட வேண்டும்.

கழற்றி உலர வைப்பது

அடீனியம் உள்ளவர்கள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். கார்த்திகைப்பூவை நினைத்துப் பாருங்கள். மாரியில் வேலியெல்லாம் ஏறிப் பூத்துவிட்டு, கோடையில் கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். யாரும் அதற்கு ஆறு மாதம் தண்ணீர் ஊற்றுவதில்லை. மழை வந்ததும் தானே வரும். அடீனியம் ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில் வளர்ந்தது. அதன் தடித்த அடித்தண்டு ஒரு நீர்த்தொட்டி. தண்ணீர் இல்லாமல் உறங்குவது அதற்கும் தெரிந்த வேலை, நம் கார்த்திகைப்பூவுக்கு நேர் எதிரான காலத்தில் அதை உறங்க வைக்கிறோம், அவ்வளவுதான். தூர இடங்களுக்கு இந்தக் கன்றை அனுப்புகிறவர்களும் மண் இல்லாமல் வெறும் வேரோடுதான் சுற்றி அனுப்புவார்கள்.

ஐப்பசி முதல் கிழமையில் தண்ணீரை நிறுத்துகிறேன். பத்து நாளில் மண் தூளாகும், இலை மஞ்சளாகி விழத் தொடங்கும். அப்போது சாடியைச் சாய்த்துத் தட்டிக் கன்றை உருவி எடுப்பேன். வேரில் ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்து, கறுத்த மெல்லிய வேர்களைக் கத்தரித்து, அறுத்த இடம் காய நிழலில் மூன்று நாள். பிறகு பழைய பத்திரிகைத் தாளில் தளர்வாகச் சுற்றி, காற்றோடும் கூடையில் அடுக்கிக் குசினிப் பரணில். பொலித்தீன் பையில் மட்டும் போடக் கூடாது, வியர்த்து அழுகும். மூன்று கிழமைக்கு ஒருமுறை எடுத்து அழுத்திப் பார்ப்பேன். தோல் சுருங்குவது பயப்பட வேண்டியதல்ல, தண்ணீர் கண்டதும் நிமிரும். மெத்தென்று அமுங்கினால்தான் ஆபத்து. அப்படி அமுங்கினால் உடனே வெட்ட வேண்டும்: கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுத்து, கபில நிறம் முற்றாகப் போய் வெள்ளைச் சதை வரும் வரைக்கும். கரித்தூளைப் பூசி, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெட்டும்போது வடியும் பால் நஞ்சு. கண்ணில் படாமல் பார்த்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பார்க்க வெறும் கட்டையாகக் கிடக்கும், பூவும் இருக்காது. அம்மா முதல் வருடம் இதைக் கண்டு, "ஏன் பிள்ளை, நல்லா நிண்ட மரத்தைப் பிடுங்கி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். இடமே இல்லாதவருக்கும், அடிக்கடி பயணம் போகிறவருக்கும், வெள்ளம் ஏறும் பள்ளக் காணிக்காரருக்கும் இதைவிடப் பத்திரமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வயதுக்குக் குறைந்த மெல்லிய கன்றுக்குச் செய்யாதீர்கள். அதற்குள் சேமிப்புக் காணாது. அவற்றைச் சாடியோடேயே உலர்த்தித் தாழ்வாரத்தில் வையுங்கள்.

கள்ளி வகையைக் கழற்றத் தேவையில்லை. தாழ்வாரத்தில் தண்ணீர் இல்லாமல் மூன்று மாதம் விட்டால் போதும்.

என்னிடம் எது எங்கே நிற்கும்

இந்த மாரிக்கும் என் ஏற்பாடு இதுதான். பெரிய அடீனியங்கள் கூடையில், சின்னவை தாழ்வாரத்தில். கள்ளி, கற்றாழை, துளசி, நித்தியகல்யாணி தெற்குத் தாழ்வாரத்தில்; நித்தியகல்யாணி வேலியோரம் தானாக முளைக்கிற செடிதான், ஆனால் சாடியில் ஈரம் நின்றால் இரண்டு நாளில் தண்டு கறுத்துவிடும். றோசா கொட்டிலில். நுவரெலியாவில் இருந்து கொண்டுவந்த ஜெரேனியமும் பிகோனியாவும் தாழ்வாரத்தில். மாரியின் கூதல் அவற்றுக்கு ஊர் ஞாபகம் மாதிரி, நனையாமல் இருந்தால் நன்றாகப் பூக்கும், உண்மையில் அவை சாவது சித்திரை வெக்கையில். இவை இரண்டிலும் ஐப்பசியிலேயே நாலைந்து தடி முறித்து மணலில் ஊன்றிவிடுகிறேன். தாய்ச் செடி போனாலும் கன்று நிற்கும்.

டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டில்தான் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் ஒத்து வரவில்லை. மழையில் விட்டால் வேர் நன்றாக ஓடுகிறது, ஆனால் பூக்காம்பு அழுகுகிறது. நான் காம்பு வந்ததை மட்டும் தாழ்வாரத்தில் தொங்கவிடுகிறேன், அம்மா எல்லாவற்றையும் மாமரத்திலேயே விடுகிறார். பூ அவருக்குக் குறைவு, செடி அவருடையதுதான் பருமன்.

இடம் எதுவானாலும் ஐப்பசி பிறக்கும்போதே பசளையை நிறுத்துங்கள். மண் கலவையைத் திருத்த வேண்டியவர்கள் புரட்டாசியிலேயே திருத்திவிடுங்கள்: பருமனான ஆற்று மணல் இரண்டு பங்கு, உடைத்த ஓட்டுத் துண்டும் உமிக்கரியும் சேர்த்து ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. தும்புச்சோறு கோடைக்கு நல்லது. அடீனியச் சாடியில் மாரிக்கு அது வேண்டாம், பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

திரும்ப வெளியே எடுப்பது பொங்கலுக்குப் பிறகு, மழை உண்மையாகவே விட்டுவிட்டதா என்று ஒரு கிழமை பார்த்துவிட்டு. மூன்று மாதம் நிழலில் நின்ற இலை நேரே மாசி வெயிலைக் கண்டால் ஒரே நாளில் வெந்து வெள்ளையாகும். முதல் நாலு நாள் காலை வெயில் மட்டும், அடுத்த நாலு நாள் மத்தியானம் வரைக்கும், பிறகு முழு நாள். கூடையில் கிடந்த அடீனியத்தைக் காய்ந்த கலவையில் நட்டு, ஒரு கிழமை தண்ணீர் காட்டாமல் வைப்பேன்; நட்டபோது பட்ட காயம் ஆற வேண்டும். தண்டின் நுனியில் கடுகளவு பச்சை முளை தெரிந்ததும் அரைக் குவளை தண்ணீர். அடுத்த அரைக் குவளை மண்ணில் விரலை விட்டுப் பார்த்த பிறகு.